புகைபோக்கியிற் பிறக்கும் பற்றரி

சாம்பலை மீண்டும் விறகாக்க முடியுமா என்று யாரேனும் கேட்டால் நாம் நகைப்போம். எரிந்தது எரிந்ததே. சாம்பலைக் கொண்டு பாத்திரம் விளக்கலாம், பாத்திக்கு உரமாக இடலாம், அடுப்பெரிக்க இயலாது. ஆயினும் அந்தக் கேள்வியைத்தான் இன்று உலகின் பேராய்வுகூடங்கள் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருக்கின்றன. கரி எரிந்தபின் எஞ்சும், கண்ணுக்குப் புலனாகாத சாம்பல் ஒன்றுண்டு, அதுவே காபனீரொட்சைட்டு. புகைபோக்கியின் வாயிலே அவ்வாயுவைப் பிடித்து, சூரியத் தகட்டுக்கு வேண்டிய கண்ணாடியையும், மின்சாரக் காரின் பற்றரிக்கு வேண்டிய கரியையும் அதிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதில் மெய் எவ்வளவு, வேட்கை எவ்வளவு, ஊவா மலைகளில் வாழும் நமக்கு அதிலே என்ன இருக்கிறது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

நமக்கு என்ன என்ற வினாவுக்கு முதல் விடை மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மலைச்சரிவினுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொட்டித் தீர்த்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பெயர்ந்து விழுந்தன. மண்சரிவுக்கு மழை ஒன்றே காரணமன்று. காடழித்த சரிவு, வடிகால் கவனியாத தோட்டம், ஆபத்தென்று அறிந்த இடத்திலேயே விட்டுவைக்கப்பட்ட குடியிருப்பு எல்லாமே காரணங்கள்தாம். எனினும் காற்று ஒரு பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகவியலின் எளிய விதி. தாங்கியதை அது ஒருநாள் இறக்கியே தீரும். உலகம் ஆண்டொன்றுக்கு எரிபொருளிலிருந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 3,700 கோடித் தொன். இலங்கையர் ஒருவரின் பங்கு சராசரியாக ஒரு தொன் அளவே. கார் இல்லாத, குளிரூட்டி இல்லாத, விறகடுப்பிற் சமைக்கும் தோட்டத் தொழிலாளியின் பங்கு அதனினும் எவ்வளவு குறைவு என்பதை வாசகர் தாமே கணித்துக்கொள்ளலாம். குற்றம் செய்தவர் ஒருவர், தண்டம் இறுத்தவர் மற்றொருவர்.

ஆகவே புகையைப் பிடிக்கும் முயற்சி எங்கே நடப்பினும் அது நம் கவனத்துக்கு உரியது. அத்தகைய முயற்சிகளுள் ஒன்று தமிழர்க்கு மிகவும் பழக்கமான ஓரூரிலே நடைபெற்றது. அவ்வூர் தூத்துக்குடி. இம்மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அத்துறையிலிருந்துதான் கப்பலேறிக் கொழும்பில் இறங்கின. இன்று அங்கே அனல்மின் நிலையங்களும் உப்பளங்களும் இரசாயனத் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான தூத்துக்குடி அல்கலி இரசாயன உர நிறுவனம் 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தனது நிலக்கரிக் கொதிகலத்தின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்துத் தன் உற்பத்திக்கே மூலப்பொருளாக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 தொன் வரை பிடிக்கலாம் என்பது அமைப்பின் அளவு.

இந்நிகழ்ச்சியில் உலகை வியக்கவைத்தது அளவு அன்று. அது அரசின் மானியம் எதுவுமின்றி நடந்தது என்பதே. அதற்கு முன் இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் அரசுகளின் பெரும் பொருளுதவியால் நின்றவை. பிரித்தெடுக்கும் கரைசலை வகுத்தவர்கள் காரக்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற இளைஞர் இருவர். 2009இல் அவர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம், தம் நாட்டிற் போதிய முதல் கிடையாமையால் இலண்டனுக்குப் பெயர்ந்தது. ஒரு தொன் வாயுவை 30 டொலர்ச் செலவிற் பிரிக்கலாம் என்று அந்நிறுவனம் கூறியது. அதுவரை பேசப்பட்ட விலை அதன் இரு மடங்குக்கு மேல். தொழிற்சாலையின் தலைமை முகாமையாளரோ, உலகைக் காப்பது தம் நோக்கமன்று, தடையின்றிக் காபனீரொட்சைட்டுக் கிடைப்பதே தமக்கு வேண்டியது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இந்த வெளிப்படை நமக்குப் பிடித்திருக்கிறது. அறத்தின் பெயரால் நடப்பதைக் காட்டிலும் கணக்கின் பெயரால் நடப்பது நீடிப்பதுண்டு.

செய்முறை விளங்காத ஒன்றன்று. புகையை ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடியிற் செலுத்துவர். மேலிருந்து அமீன் கலந்த உப்புக் கரைசல் மழைபோல் இறங்கும். ஏறும் புகையும் இறங்கும் மழையும் சந்திக்கையில் காபனீரொட்சைட்டு மட்டும் கரைசலோடு ஒட்டிக்கொள்ளும். நைதரசன் முதலியன மேலே போய்விடும். பின்னர் அக்கரைசலை வேறொரு பாத்திரத்திற் சூடேற்ற, ஒட்டிய வாயு தூயதாகப் பிரிந்து வரும். கரைசல் மீண்டும் மழையாகப் போகும். அமீனைக் கொண்டு வாயுவைக் கழுவும் இந்த வழி 1930இலேயே அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. புதுமை கரைசலின் சேர்க்கையிலே, சூடேற்றச் செலவாகும் வெப்பத்தைக் குறைத்ததிலே.

பிடித்த வாயுவை என்ன செய்தார்கள்? உப்பு நீரில் அமோனியாவைக் கரைத்து அதனுள் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால், நம் வீட்டு அப்பச்சோடா வெண்படிவாக அடியிற் படியும். எஞ்சிய நீரிலிருந்து அமோனியங் குளோரைட்டு எடுத்து வயலுக்கு உரமாக விற்பர். அப்பச்சோடாவை வறுத்தால் சோடாச்சாம்பல், அதாவது சோடியங் காபனேற்று, கிடைக்கும். 1861இல் பெல்ஜியத்து எர்னெஸ்ற் சொல்வே வகுத்த முறையின் வழிவந்தது இது. சொல்வேயின் முறையிற் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு வாயுவைப் பெறுவார்கள். தூத்துக்குடியில் அதனைப் புகையே கொடுத்தது. உப்பும் கடலும் நமக்கும் உண்டு என்பது இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. போருக்கு முன் ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடா ஆக்கியவர்கள் நாம்.

சோடாச்சாம்பல் என்றதும் சலவைத்தூளே பலர்க்கு நினைவில் வரும். ஆனால் தூய சக்தியின் கருவிகள் பலவற்றுள் இப்பொருள் ஒளிந்திருக்கிறது. சூரியத் தகட்டின் எடையிற் பெரும்பகுதி கண்ணாடி. மணலை உருக்கிக் கண்ணாடியாக்குவதற்குச் சோடாச்சாம்பல் இன்றியமையாதது. கைத்தொலைபேசியிலிருந்து பேருந்து வரை இயக்கும் இலிதியப் பற்றரியை எடுத்துக்கொள்வோம். சில்லி நாட்டுப் பாலைவனத்து உப்பு நீரிலுள்ள இலிதியத்தைப் படியச் செய்வதற்கு அதனுட் கொட்டுவது சோடாச்சாம்பலே. 74 பங்கு இலிதியங் காபனேற்றுப் பெறுவதற்குக் கணக்குப்படி 106 பங்கு சோடாச்சாம்பல் வேண்டும். இலிதியத்துக்குப் பதிலாகச் சோடியத்தையே கொண்டு இயங்கும் புதிய வகைப் பற்றரிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றின் நேர்முனைப் பொருளை ஆக்குவதற்கும் இதுவே மூலப்பொருள்களில் ஒன்று. நிலக்கரிப் புகை பற்றரியினுட் புகும் வழி இவ்வாறு திறந்தே இருக்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று கேட்கவேண்டும். புகுந்த காபன் அங்கேயே தங்குகிறதா?

தங்குவதில்லை. மணலோடு சோடாச்சாம்பல் உருகும்போது அதிலுள்ள சோடியம் கண்ணாடியிற் சேரும். காபனீரொட்சைட்டோ உலையின் புகைபோக்கி வழியே வானுக்குத் திரும்பும். இலிதியங் காபனேற்றைச் சுட்டுப் பற்றரியின் நேர்முனைப் பொருளாக்கும்போதும் அதே கதை. தூத்துக்குடியிற் பிடித்த வாயு வேறோர் ஊரின் சூளையில் விடுதலை பெறுகிறது. இதனால் முயற்சி வீண் என்று சொல்லவில்லை. புகையிலிருந்து எடுத்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடவேண்டிய தேவை குறைந்ததன்றோ? ஒரே காபன் இருமுறை பயன்பட்டது, இலாபம் அவ்வளவே. பிடித்தோம், புதைத்தோம், பூமியைக் காத்தோம் என்று பறைசாற்றுவது பொருந்தாது. அச்செய்தியை எடுத்துரைத்த பத்திரிகைகள் பல இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டன.

இதற்கு மாறாகக் காபனைத் திண்மமாகவே நிறுத்திவைக்கும் வழியொன்றும் உண்டு. ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் லிக்ற் என்ற இரசாயன அறிஞரும் அவர் குழுவினரும் 2015இல் அதனை வெளியிட்டனர். இலிதியங் காபனேற்றை ஏறக்குறைய 750 பாகையில் உருக்கி அதனுள் மின்னைச் செலுத்துகிறார்கள். ஒரு முனையில் ஒட்சிசன் குமிழியிட்டு வெளியேற, மறுமுனையிற் கருநிறத் தூளாகக் காபன் படிகிறது. அத்தூளை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் தலைமயிரினும் மிக நுண்ணிய இழைகளும் குழாய்களும் தெரிகின்றன. இழந்த பங்கைக் காற்றிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு உருகிய உப்பிற் கரைந்து நிரப்பிவிடும்; உப்பு தீர்வதில்லை. அடுத்த ஆண்டே, வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்துக் கேரி பின்றின் குழுவோடு சேர்ந்து, அக்குழாய்களை இலிதியப் பற்றரியிலும் சோடியப் பற்றரியிலும் எதிர்முனையாக இட்டு இயக்கிக் காட்டினார்கள். வழக்கமாக அவ்விடத்தில் இருப்பது காரீயம். சாம்பல் விறகாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

ஆனால் விறகு எரிந்தபோது கொடுத்த வெப்பத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஒரு கிலோ காபன் எரிகையில் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 9 அலகு மின்சாரத்துக்குச் சமம். அது காபனீரொட்சைட்டாகிவிட்டபின் மீண்டும் காபனாக்குவதற்குக் குறைந்தது அதே 9 அலகை உள்ளே செலுத்தியாக வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடும். இஃது எந்த அறிஞராலும் எந்த அரசாலும் தள்ளுபடி செய்யவியலாத கடன். அந்த 9 அலகையும் நுரைச்சோலை போன்ற நிலக்கரி நிலையத்திலிருந்து எடுத்தால், ஒரு கிலோ காபனை ஆக்குவதற்காகப் பிடித்த வாயு 3.7 கிலோவாகவும் புதிதாக வெளிவிட்ட வாயு 8 கிலோவாகவும் முடியும். ஆகவே இக்கலை நீர், காற்று, ஞாயிறு ஆகியவற்றின் மின்சாரத்தால் மட்டுமே பொருளுடையதாகும்.

நீர்மின்சாரம் என்றால் ஊவாவுக்கு ஒரு கதை நினைவில் வராமற் போகாது. 120 மெகாவாற்று ஆற்றலுடைய உமாஓயாத் திட்டம் 2024 ஏப்பிரல் 24இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்பொறிகள் முழுவேகத்தில் ஒரு மணிநேரம் சுழன்றால், குறைந்த அளவுக் கணக்கின்படி 13 தொன் காபனை ஆக்கத் தகும் மின்சாரம் கிடைக்கும். ஏட்டிலே பார்க்க இது பேரெண். ஆனால் அம்மின்சாரத்துக்குப் பண்டாரவளை மக்கள் கொடுத்த விலையை எந்தக் கணக்கில் எழுதுவது? 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பீறிட்டது, கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் அவ்வூரார் திரண்டு வீதிக்கு வந்தனர். தூய சக்தி என்ற சொல்லிலுள்ள தூய்மை புகைபோக்கியைப் பற்றியதே. கிணற்றைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. இன்று ஓர் அலகு நீர்மின்சாரம் கிடைத்தால் அதனைக் கொண்டு பிடித்த வாயுவைக் கரியாக்குவதினும், நிலக்கரியில் ஓர் அலகை எரியாமல் விடுவதே கூடுதலான நன்மை. 2030இல் மின்சாரத்தின் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாக அறிவித்த நாட்டுக்கு முதற்கடமை எது என்பதில் எமக்கு ஐயமில்லை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். மின்சாரக் கார் ஒன்றின் பற்றரியில் 50 முதல் 100 கிலோ வரை காரீயம் இருக்கும். 50 கிலோவையும் புகையிலிருந்தே ஆக்கியதாகக் கொள்வோம். அதற்கு உண்ணப்படும் காபனீரொட்சைட்டு 183 கிலோ. இது 80 லீற்றர் பெற்றோல் எரிவதால் வரும் அளவு. பதுளையிலிருந்து கொழும்புக்கு இருமுறை போய்த் திரும்பினால் பழைய கார் ஒன்று இவ்வளவையும் வெளிவிட்டுவிடும். உரம் முதலிய எல்லாத் தொழில்களுக்குமாக உலகம் இன்று பயன்படுத்தும் காபனீரொட்சைட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 23 கோடித் தொன் என்பது சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பு. 3,700 கோடிக்கு முன் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. பற்றரித் தொழில் எவ்வளவு பெருகினும் வானத்தைத் துடைக்கும் துணியாக அது ஆகாது.

அப்படியாயின் இம்முயற்சியின் மதிப்பு எங்கேயுள்ளது? அது அகற்றும் வாயுவில் இல்லை. அது தேவையற்றதாக்கும் பழைய முறையிலேதான் இருக்கிறது. இன்று பற்றரிக்கு வேண்டிய செயற்கைக் காரீயத்தைப் பெற்றோலியக் கரியை ஏறக்குறைய 3,000 பாகை வரை சூடாக்கிச் செய்கிறார்கள். அதற்கான மின்சாரத்திற் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. இயற்கைக் காரீயமோ நம் நாட்டின் பழஞ்செல்வம். கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் காரீயம் தூய்மையில் உலகிலே பேர்பெற்றது. அதைத் தோண்டிக் கப்பலேற்றி, பற்றரியாக மாறியபின் பன்மடங்கு விலைக்கு வாங்கும் நாடு, புகையிலிருந்து காரீயம் செய்யும் வித்தையைக் கேட்டு மயங்குவது சற்று விந்தையாக இல்லையா? 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீளத் திறந்தபின் நம் வீதிகளில் ஓடும் மின்கார்களின் பற்றரிகள் யாவும் வெளிநாட்டு ஆக்கங்களே.

இனி ஊவாவின் புகைபோக்கிகளைப் பார்ப்போம். பெரும் நிலக்கரி நிலையமும் பெரும் சீமெந்துச் சூளையும் புத்தளம் மாவட்டத்தில் இருக்கின்றன. மலைக்கு இப்பால் இல்லை. நம்மிடமுள்ளவை தேயிலைத் தொழிற்சாலைகள். கச்சான் வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு ஏறும் மணம் உலகறிந்தது. அக்கொழுந்தை உலர்த்துவதற்குக் கிலோ ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரை விறகு எரிகிறது என்பதை உலகம் அறியாது. இந்தப் புகையைப் பிடிக்கலாமா? பிடிக்கலாம், ஆயினும் பயனில்லை. அளவு சிறிது, உலர்த்தியும் இடைவிட்டே எரியும், கோபுரமும் கரைசலும் அமைக்கும் செலவு தேயிலையின் விலையையே விழுங்கிவிடும். எரித்த யூக்கலிப்டஸ் மரத்துக்கு ஈடாக மற்றொன்றை நட்டு வளர்த்தால், போன காபன் இலை வழியாகத் திரும்பிவரும். வெட்டிய இடத்தில் நடாமல் விடுவதுதான் இங்கு உண்மையான குற்றம். அதனைத் தடுப்பதற்கு இரசாயனம் வேண்டியதில்லை. தோட்ட நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கமும் சரிவிற் சில தொழிலாளர் நாள்களும் போதும். வேர் பிடித்த சரிவு மழைக்கும் எளிதில் இளகாது.

இலையைப் பற்றிச் சொன்னோம். மின்சாரமோ கோபுரமோ இல்லாமல் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் கருவி அதுதான். அது பிடித்ததைக் கரியாக்கிப் பற்றரித் தொழிலுக்கு அனுப்பும் வழியும் ஏற்கெனவே நம் நாட்டில் உண்டு. 1973இல் நிறுவப்பட்ட ஹேகாப் நிறுவனம் தேங்காய்ச் சிரட்டைக் கரியை உயிர்ப்பூட்டி உலகெங்கும் விற்கிறது. மின்னை நொடியில் ஏற்று நொடியில் வழங்கும் மீக்கொள்ளளவிகளுக்கு உதவுவது இவ்வகைக் கரி. சோடியப் பற்றரியின் எதிர்முனைக்கு வேண்டிய கடினக் கரியை ஜப்பானியர் தாவரக் கரியிலிருந்தே செய்கிறார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது மலைமலையாகக் குவியும் மிலாறுக் குச்சிகள் அக்கரிக்கு ஏற்றவையா, அல்லது அவை லயத்து அடுப்புக்கே போகட்டுமா என்பது சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வி. 2005இல் பதுளையில் எழுந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் கனிவளத் தொழில்நுட்பத்துக்கும் தனித்தனிப் பட்டநெறிகள் இருக்கின்றன. இக்கேள்வி அவ்விரண்டுக்கும் இடையே கிடக்கிறது. ஆனால் அங்கே நுழைவதற்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். அப்பிரிவு நடக்கும் தமிழ்ப் பாடசாலைகள் இம்மாகாணத்தில் எண்ணத்தக்க சிலவே. கொழுந்து பறிப்பவளின் மகள் உயிரியலையும் இரசாயனத்தையும் தன் மொழியிற் கற்பதற்கு எத்தனை மைல் பஸ் ஏறுகிறாள் என்பதை ஆசிரியர்களாகிய வாசகர் நன்கறிவர். அந்தத் தூரம் குறையும்வரை இக்கேள்வியைத் தொடுபவர் வேறிடத்தவராகவே இருப்பர்.

வாயுவாகவே பிடிக்கத்தக்க ஒன்றும் இம்மாகாணத்தில் இருக்கிறது. மொணராகலை மாவட்டத்துப் பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனி ஆலைகளோடு சேர்ந்த வடிசாலைகள் உண்டு. சீனிப்பாகை நொதிக்கவிடும்போது சர்க்கரையின் ஒரு பாதி மதுசாரமாகும், மறுபாதி காபனீரொட்சைட்டாகும். 180 பங்கு சர்க்கரைக்கு 92 பங்கு மதுசாரம், 88 பங்கு வாயு. அதாவது ஒரு லீற்றர் தூய மதுசாரத்தோடு முக்காற் கிலோ வாயு பிறக்கிறது. நிலக்கரிப் புகையில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கும், வெறுங்காற்றிற் பத்து இலட்சத்தில் 425 பங்களவும் உள்ள இந்த வாயு, நொதிகலத்தின் மூடியடியில் ஏறத்தாழ முழுத்தூய்மையோடு நிற்கிறது. அதனைப் பிடிப்பதற்குத் தூத்துக்குடியின் நெடுங்கோபுரம் வேண்டியதில்லை. மூடியுள்ள கலமும், வாயுவை நீராற் கழுவும் குழாயும், அமுக்கும் பொறியும் போதும். உலகின் பல வடிசாலைகள் நெடுங்காலமாக இதைச் செய்து வருகின்றன. அங்கே அதனை முதலில் வாங்குபவர் பற்றரி செய்பவரல்லர். சோடாப் போத்தல் அடைப்பவரும், மீனையும் மருந்தையும் குளிரவைக்கும் உலர்பனிக்கட்டி செய்பவருமே. தூத்துக்குடித் தொழிற்சாலைக்கும் தொடக்கத்தில் வேண்டியிருந்தது அத்தகைய ஒரு சிறு வணிகக் காரணந்தான்.